நிற்கிற குதிரைக்கு நிறைந்த வாளி

மகனே, கோபம் ஆறுவதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நான் உன் அம்மாவாகிவிடுவேன், பாதியை எழுதாமல் விட்டுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள், "அம்மா, இது மேனேஜ்மன்ட் விசயம், நீங்க இதுல தலையிடாதீங்க" என்று சொல்லித் துண்டித்துவிட்டாய். சரி, போனைத் துண்டிக்கலாம். கடிதத்தைத் துண்டிக்க முடியாது. எட்டு மாதத்துக்கு முன் கலகெதர ஹோட்டலில் குதிரைப் பகுதிக்கு மேனேஜராக உன்னை எடுத்தார்கள் என்று கேட்டதும் இந்தத் தெல்தோட்டை லயத்து வரிசை வீடுகள் முழுவதும் சீனி கொடுத்தவள் நான். லயத்தில் பிறந்து லாயத்தில் வேலை பார்த்தவளுடைய பிள்ளை, ஒரு லாயத்துக்கே அதிகாரியாகப் போகிறான் என்று அன்றைக்கு நெஞ்சு நிமிர்ந்து நடந்தேன். இன்றைக்கு அதே வாயால் உன்னைத் திட்டுகிறேன்.

ஞாயிறு பின்னேரம் மணியம் வீட்டு வாசலில் வந்து நின்றான். நம் தோட்டத்துப் பிள்ளை, நீ அன்று மத்தியானம் வேலையை விட்டு நிறுத்திய அதே குதிரைக்காரன்தான். கலகெதரவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், கண்டியிலிருந்து தெல்தோட்டைக்கு இன்னொரு பஸ். சேற்றுக் காலோடு உள்ளே வர மாட்டேன் என்றான். வேலையைத் திரும்ப வாங்கித் தரச் சொல்லி வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் கேட்டது வேறு. "அக்கா, என்னைய உள்ளுக்க விட மாட்டேங்கிறாங்க. அந்தக் கலுக் குதுரைய யாரும் நடக்க வச்சிறாம பாத்துக்கச் சொல்லுங்க. சேருக்கு நீங்க சொன்னா கேப்பாரு. அது நிக்கட்டும். நின்னாப் பொழச்சுக்கும். நடந்தா செத்துப் போயிரும்." வேறு ஒன்றும் கேட்கவில்லை. தன் வேலையைப் பற்றி நான் கேட்ட பிறகுதான் சொன்னான். சொல்லும்போது அவன் உன்னை ஒரு வார்த்தை குறைத்துப் பேசவில்லை. "சேர்" என்றே சொன்னான். அந்த மரியாதை எனக்குச் சுருக்கென்று குத்தியது.

அவன் சொன்னதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன், பொய் இருந்தால் காட்டு. ஐந்து நாள் விடாமல் மழை. சவாரி எல்லாம் நின்றுவிட்டது. ஆறு குதிரையும் கட்டிய இடத்தை விட்டு அசையவில்லை. அந்த ஐந்து நாளும் நீ சுவரில் ஒட்டிய தாளில் இருந்தபடி, வேலை செய்யும் நாளில் போடுகிற அதே கொள்ளும் சோளமும் முழு வாளியாகப் போடச் சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரக் கூட்டம் வருகிறது, குதிரை மினுமினுவென்று இருக்க வேண்டும் என்றாய். "சேர், நிக்கிற குதிரைக்கு இவ்வளவு கொள்ளு ஆகாதுங்க. பாதியாக் கொறச்சு, புல்லக் கூட்டிப் போடுறேன். மழை விடுற நேரம் லாயத்து முத்தத்துல ரெண்டு சுத்து நடத்திட்டு வாறேன்" என்று மணியம் கேட்டிருக்கிறான். நீ சொன்ன பதில்: "தாள்ல என்ன இருக்கோ அதப் போடு. ஒன்ட யோசனைக்கா சம்பளம் குடுக்கிறாங்க?" இந்த வார்த்தையை நீ எங்கே படித்தாய்? விவசாய டிப்ளோமாவில் இது ஒரு பாடமா? உன் தாத்தாவிடம் தோட்டத்துத் தொரைமார் பேசிய பேச்சை நீ ஒரு நாளும் காதால் கேட்டதில்லை. அப்படியே எப்படி உன் வாயில் வந்தது?

ஞாயிறு காலை வெயில் வந்தது. ஐந்து நாள் நின்று கொள்ளுத் தின்ற கலுவை வெளியே எடுத்து, கால் மணி நேரம்கூட மெதுவாக நடத்தாமல், நேராக ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் ஓட்டச் சொன்னாய். பாதி ஏற்றத்தில் அது நின்றுவிட்டது. உடம்பெல்லாம் வேர்வை, பின்னங்கால் இரண்டும் மரக்கட்டை, தொடைச் சதை தொட்டால் கருங்கல். மணியம் முதலில் சவாரிக்கு ஏறியிருந்த வெள்ளைக்காரப் பெண்ணை இறக்கிவிட்டிருக்கிறான். பிறகு சேணத்தை அவிழ்த்து, தன்னுடைய மழைக் கோட்டை அதன் இடுப்பில் போர்த்திவிட்டு, அங்கேயே நின்றிருக்கிறான். நீ ஜீப்பில் வந்து, "இழுத்துக்கொண்டு வா, நடந்தால் சரியாகிவிடும்" என்றாய். அவன் மாட்டேன் என்றான். விருந்தாளிகள் முன்னால் மாட்டேன் என்றான். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை. குதிரைக்கு என்ன ஆனது என்று நீ குனிந்து பார்க்கவில்லை, உன் பேச்சை ஒருவன் கேட்கவில்லை என்பதை மட்டும் பார்த்தாய். மத்தியானத்துக்குள், குதிரையை அடித்து ஓட்டிக் காயப்படுத்தினான் என்று எழுதி அவனை வெளியே அனுப்பிவிட்டு, நோயில் நிற்கும் குதிரையை விட்டுவிட்டு, கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போய்விட்டாய். அடித்தானா? மணியம் அடித்தானா? எழுதும்போது உன் கை கூசவில்லையா?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நீ யோசிக்கலாம். யார் வீட்டுக் குதிரையோ, யாரோ ஒரு வேலையாள். அதற்கான காரணத்தை இத்தனை வருடம் உன்னிடம் மறைத்தேன். உன் அப்பாவிடமும் சொன்னதில்லை.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது, நம் தோட்டத்துக்கு மேலே ஒரு தொரை குதிரைச் சவாரி இடம் வைத்திருந்தார். நான் அங்கே தீவன அறையில் வேலை பார்த்தேன். கொள்ளு அவிப்பது, தவிடு கலப்பது, புல் வெட்டி வருகிறவர்களிடம் புல்லுக் கட்டுகளை எண்ணி வாங்குவது, வாளி கழுவுவது. உன்னை ஒரு சாக்கில் படுக்க வைத்துவிட்டு வேலை செய்வேன். குதிரைகளுக்குப் பொறுப்பு ராசையா அண்ணன். குள்ளமான ஆள், பேச்சுக் குறைவு. ஆனால் குதிரையின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, இன்றைக்கு இது எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லிவிடுவார். அவருடைய சட்டம் ஒன்றுதான்: வாளி காலைப் பார்த்து நிறைய வேண்டும். கால் எவ்வளவு நடந்ததோ அவ்வளவு கொள்ளு. கால் நின்றால் கொள்ளு பாதிக்கும் கீழே. புல்லுக்கு மட்டும் கணக்கே இல்லை, அது எப்போதும் வயிறு நிறைய. மழையோ வெயிலோ, ஒரு நாளும் குதிரையைக் கட்டிய இடத்திலேயே விட மாட்டார். சாக்கைப் போர்த்திக்கொண்டு மழையிலேயே கொண்டுபோய் நடத்துவார். வேலைக்கு எடுக்கும்போது முதல் கால் மணி நேரம் நடை, பிறகுதான் ஓட்டம். திரும்பும்போதும் கடைசிக் கால் மணி நேரம் நடை, வேர்வை அடங்கிய பிறகுதான் கட்டுவார். உப்புக் கட்டி எப்போதும் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கும். இதையெல்லாம் அவர் ஒரு தாளிலும் எழுதவில்லை.

அங்கே மெனிக்கே என்று ஒரு செவலைப் பெண் குதிரை இருந்தது. என் குரல் கேட்டால் கனைக்கும். ராசையா அண்ணனுடைய தங்கைக்கு நாவலப்பிட்டியில் கல்யாணம் வந்தது, நாலு நாள் லீவு போட்டார். போகும்போது என்னிடம் வந்து, "தங்கச்சி, மழை புடிக்கும் போல இருக்கு. சவாரி நின்னா கொள்ளக் கொறச்சிரு. வாளிய ஒதைக்கும், கத்தும், நீ மனசு எளகிறாத. புல்லப் போட்டுட்டுப் போயிக்கிட்டே இரு" என்றார். தலையை ஆட்டினேன். அன்று மாலையே மழை பிடித்தது. குதிரைகளை நடத்த வேறு ஆள் இல்லை. மெனிக்கே வாளியை உதைத்தது, கத்தியது. நான் மனசு இளகினேன். முதல் நாள் முழு வாளி. இரண்டாம் நாள் முழு வாளிக்கு மேல் ஒரு சுண்டு அளந்து போட்டேன். மூன்றாம், நாலாம் நாளும் அப்படியே. அது தின்னும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பாசம் என்று நினைத்தேன். இப்போது அதைப் பாசம் என்று சொல்ல மாட்டேன். அது சத்தம் போடாமல் இருக்க, நான் நல்லவளாக இருக்க, என் வசதிக்குப் போட்ட தீனி அது.

ராசையா அண்ணன் திரும்பி வந்த காலையில் மழை விட்டிருந்தது. அவர் உடுப்பு மாற்றுவதற்குள் தொரை மெனிக்கேயில் ஏறிவிட்டார். "தொரை, மொதல்ல கொஞ்சம் நடத்திட்டு..." என்று பின்னாலேயே ஓடினார். தொரை காதில் வாங்கவில்லை. அரை மணி நேரத்தில் மேல் மலைப் பாதையில் இருந்து ஓர் ஆள் வந்து கூப்பிட்டான். நானும் ஓடினேன். மெனிக்கே நடு ரோட்டில் நடுங்கிக்கொண்டு நின்றது. பின்னங்கால் மடங்கவில்லை. "நிக்கட்டும் தொரை, கால்ல விழுறேன், நிக்கட்டும்" என்று ராசையா அண்ணன் குறுக்கே நின்றார். தொரை அவரைத் தள்ளிவிட்டு, கயிற்றை வேறு இரண்டு பேரிடம் கொடுத்து, பிரம்பால் அடித்து அடித்து இரண்டு மைல் நடத்திக் கொண்டுவந்தார். லாயத்து வாசலில் அது மூத்திரம் பெய்தது. பால் ஊற்றாத பிளேன்டீ நிறம். ராசையா அண்ணன் அதைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பேராதனையிலிருந்து மிருக வைத்தியர் பின்னேரம் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், பொறுமையாகப் பேசுவார். தொடைச் சதையை அழுத்திப் பார்த்தார், ஊசி போட்டார், வாளி வாளியாகத் தண்ணீர் காட்டச் சொன்னார். "ஒரு அடிகூட நடத்தக் கூடாது. நிண்ட நாளில திண்ட தீனியெல்லாம் சதைக்குள்ள சேர்ந்து கிடக்கும். திடீரெண்டு ஓட்டினா சதை இறுகி உடைஞ்சு போகும். உடைஞ்சது ரத்தத்தில கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். நடத்த நடத்த இன்னும் உடையும்" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பிள்ளை, இந்த நாலு நாளும் என்ன அளவு தீனி குடுத்தனீங்கள்?"

தொரை பக்கத்தில் நின்றார். நீ சாக்கில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தாய். நான், "அரை வாளிங்க" என்றேன்.

ராசையா அண்ணன் எழுந்து தீவன அறைக்குள் போனார். கொள்ளுப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். அவர் போகும்போது எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? மூடியைச் சத்தமில்லாமல் மூடினார். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். "தீனி சரின்னா, இவன்தான் கல்யாண வெறியில வந்து விடியக்காலையில களவா ஓட்டியிருக்கான்" என்று தொரை சொன்னார். ராசையா அண்ணன் வாழ்நாளில் குடித்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். நானும் வாயைத் திறக்கவில்லை, மற்றவர்களும் திறக்கவில்லை. மறுநாள் அவரை அனுப்பிவிட்டார்கள். அதற்கு அடுத்த நாள் மெனிக்கே செத்தது. நான் அந்த வேலையில் இன்னும் ஆறு வருடம் இருந்தேன். நீ குடித்த பால்மா, நீ பள்ளிக்குப் போட்டுப்போன சப்பாத்து, எல்லாம் அந்த ஒரு பொய்யில் வந்தது. கேட்க உனக்குக் கசக்கும். எழுத எனக்கும் கசக்கிறது.

அந்த வேலையின் கடைசி வருடத்தில் நாவலப்பிட்டியில் ஒரு கடை வாசலில் அவரைப் பார்த்தேன். அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தலை நரைத்து, இடுப்பு வளைந்திருந்தது. என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். "மத்த குதுரைங்க நல்லா இருக்கா தங்கச்சி? மழ நாள்ல கொள்ளக் கொறைக்கிறீங்கதானே?" என்று கேட்டார். குறைக்கிறோம் அண்ணா என்றேன். அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்க நல்ல நேரம், நல்ல வெளிச்சம், பக்கத்தில் ஒருவரும் இல்லை. கேட்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிட்டேன். உண்மையில் அது என்னுடைய பஸ்ஸே இல்லை. அடுத்த தரிப்பில் இறங்கி நின்று அழுதேன். பிறகு ஒரு தீபாவளிக்கு அவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது தெரிகிறதா, மணியம் என் வாசலில் நின்றபோது எனக்கு என்ன ஆனது என்று? நான் மனசு இளகிச் செய்தேன், பயத்தில் மறைத்தேன். அதற்கே இத்தனை வருடம் தூக்கம் கெட்டது. நீ படித்தவன். உனக்கும் ஒருவன் முன்கூட்டியே சொன்னான், கெஞ்சிச் சொன்னான். நீ தாளைக் காட்டினாய். அந்தத் தாள் எந்த ஊருக்கு எழுதியது? தினமும் பத்து மைல் ஓடுகிற குதிரைக்கு எழுதியதை, மழையில் நிற்கிற குதிரைக்கு ஒட்டி வைத்தாய். எண்ணெய் ஊற்றி நிறுத்தி வைக்க அது ஜீப் இல்லை. நிற்கிற நாளிலும் உள்ளுக்குள் வேலை நடந்துகொண்டிருக்கிற உடம்பு அது. மினுமினுப்பு வேண்டுமென்றால் கொள்ளைக் குறைத்துவிட்டுத் தவிட்டில் கொஞ்சம் எண்ணெய் கலந்து கொடுத்திருக்கலாம், மணியத்தைக் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பான். கேட்பதற்கு உனக்குக் கௌரவம் குறைந்துவிடும். சவாரிக்கு வந்த பெண்ணின் எலும்பு உடைந்திருந்தால் அதையும் மணியத்தின் தலையில்தான் எழுதியிருப்பாய்.

அதனால் நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். நீ இன்னொருவர் வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மணியத்தையும் கூட்டிக்கொண்டு கலகெதரவுக்குப் போனேன். வாசலில் காவல்காரர் விடவில்லை. மேனேஜரின் அம்மா என்றதும் விட்டார், அந்தப் பெருமையையும் விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். கலு நின்றுகொண்டிருந்தது. நல்ல காலம், நீ போன பிறகு யாரும் அதை நடத்திக் கூட்டிவரப் பயந்து விட்டுவிட்டார்கள். முதல் நாள் பின்னேரமே லொறியில் ஏற்றிக் கீழே இறக்கியதாகச் சொன்னார்கள். மணியம் கையை நீட்டினான், அவன் தோளில் மூக்கை வைத்து அப்படியே நின்றது. அடித்தவன் தோளிலா வைக்கும்? மிருக வைத்தியம் பார்க்கிற இளம் பிள்ளை ஒருத்தி வந்திருந்தாள். இரத்தம் எடுத்துச் சோதிக்க அனுப்பியிருப்பதாகவும், மூத்திரம் தெளியத் தொடங்கிவிட்டதாகவும், பிழைத்துவிடும் என்றும் சொன்னாள். எங்கே அடித்த காயம் என்று கேட்டேன். "ஒரு காயமும் இல்லையே அம்மா, யார் சொன்னது?" என்றாள்.

உங்கள் ஹோட்டல் முதலாளியம்மா அங்கேதான் இருந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பேசினேன். ஐந்து நாள் தீனி எவ்வளவு, யார் சொல்லிப் போட்டது, ஏற்றத்தில் யார் ஓட்டச் சொன்னது, எல்லாம் சொன்னேன். சுவரில் இருந்த தாளையும் காட்டினேன், கீழே உன் கையெழுத்து. அவர் அந்தக் கையெழுத்தைப் படித்துவிட்டு, "அவர் உங்கள் மகன் அல்லவா?" என்று கேட்டார். ஓம், நான் பெற்ற மகன்தான் என்றேன். "அப்படியிருந்தும் சொல்கிறீர்களா?" என்றார். ஒரு தாள் வாங்கி, சொன்னதை எழுதி, என் பெயரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். எழுத்துக் கோணல், ஆனால் வாசிக்கலாம்.

நீ வரும்வரை மணியம் கலுவைப் பார்க்கலாம் என்று முதலாளியம்மா அனுமதி கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை உன்னை உட்கார வைத்து விசாரிப்பாராம். என் மேல் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கோபப்படு. வீட்டுக்கு வர மாட்டேன் என்றால் வராதே, எனக்கு அழத் தெரியும், சமாளித்துக்கொள்வேன். ஆனால் அவர் கேட்கும்போது நீ என்ன சொல்வாய் என்பதுதான் என் கவலை. வேலை போனால் போகட்டும். இன்னொரு இடத்தில் வாளி கழுவியாவது நீ சாப்பிடலாம், நான் சாப்பிட்டேன். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக் கூடியதை முப்பது வருடம் சுமப்பது எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரிய வேண்டாம்.

கலுவைப் பற்றி ஒன்று. பிழைத்ததும் உடனே சேணம் போடாதே. வைத்தியர் பிள்ளை சொல்லும்வரை புல், தண்ணீர், உப்பு. பிறகு கையில் பிடித்து ஐந்து நிமிடம், பத்து நிமிடம். மாதக் கணக்கில் ஆகும். அவசரப்பட்டால் மறுபடியும் சதை இறுகிக் கட்டிக்கொள்ளும், ஒரு தடவை வந்தது சும்மா போகாது. மற்ற ஐந்துக்கும் அன்றைக்கே கொள்ளைக் குறைத்துவிட்டேன், உன் அதிகாரம் இல்லாமல்தான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. மாற்று உடுப்பு எடுக்க ஒரு நடை வந்திருக்கிற மணியத்தின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, நீ வாசித்து முடிக்கும்வரை நிற்கச் சொல்லியிருக்கிறேன். ஆகவே இப்போது அவன் உன் மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். எனக்குப் பதில் எழுதுவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எழுந்து, அவனுக்கு உட்கார ஒரு கதிரையை இழுத்துப் போடு.